குமிழியைப் பார்க்காமல் மட்டம் பிடிப்பது

தச்சுப் பெட்டியில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை கையோடும் காதோடும் பேசுபவை. இழைப்புளி சரியாக ஓடுகிறதா என்பதை அதன் ஓசையும், சுருண்டு வரும் சீவலின் மெல்லிய தன்மையும் சொல்லிவிடும். உளி கூராக இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தில் வைத்தால் தெரிந்துவிடும். மூலைமட்டத்தை மரத்தோடு சேர்த்துப் பிடித்து, நடுவில் சந்து விழுகிறதா என்று நகத்தால் வருடிப் பார்க்கலாம். ரசமட்டம் மட்டும் வாய் திறப்பதில்லை. அதன் பதில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பூட்டிக் கிடக்கிறது. குமிழி இடப்பக்கம் ஒதுங்கினாலும் வலப்பக்கம் ஒதுங்கினாலும், தொடும் விரலுக்கு வழவழப்பான கண்ணாடி ஒன்றுதான். குழாயின் மேல் பிரெயில் புள்ளிகளை ஒட்டியும் பயனில்லை. குமிழி எங்கே நிற்கிறது என்பது அப்போதும் தெரியாது.

பார்வையற்ற ஒருவர் மரவேலையோ கட்டுமான வேலையோ செய்கிறார் என்றால் பலரும் கேட்பது இதைத்தான்: அறுப்பது, இழைப்பது, ஆணி அடிப்பது எல்லாம் சரி, மட்டம் எப்படிப் பார்ப்பார்? மட்டம் கண்ணுக்குரிய சங்கதி என்ற நினைப்பிலிருந்து வரும் கேள்வி இது. மட்டத்தைத் தீர்மானிப்பது புவியீர்ப்பு. குமிழி அதைக் காட்டும் ஒரு வழி, அவ்வளவுதான். வேறு வழியில் கேட்டால் புவியீர்ப்பு வேறு வழியிலும் பதில் சொல்லும்.

வரலாறும் அப்படித்தான் இருக்கிறது. குமிழி வைத்த ரசமட்டத்தைப் பிரெஞ்சுக்காரரான மெல்கிசெடெக் தெவெனோ 1661-ஐ ஒட்டி உருவாக்கினார். அதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர்கள் குமிழி இல்லாமலேதான் கட்டினார்கள். எகிப்தில் தெய்ர் எல்-மெதினாவில் சென்னெஜெம் என்ற கைவினைஞரின் கல்லறையில் அவருடைய கருவிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, இரண்டு கால்களும் குறுக்கே ஒரு சட்டமும் கொண்ட மரச்சட்டகம். அதன் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கும். கயிறு குறுக்குச் சட்டத்தின் நடுக்குறியைத் தொட்டால் இரண்டு கால்களும் ஒரே மட்டம். ரோமானியர்களிடம் 20 அடி நீளமுள்ள கோரோபேட் என்ற பலகை இருந்தது. அதிலும் தூக்குக் கயிறுகள்தான் மட்டம் காட்டின. காற்றில் கயிறு ஆடினால் என்ன செய்வது என்பதற்கும் கட்டடக்கலை எழுத்தாளர் வித்ருவியஸ் வழி சொல்லியிருக்கிறார்: பலகையின் மேல் 5 அடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, நீர் ஊற்றி, நீர் இரு முனையிலும் விளிம்பைச் சமமாகத் தொடுகிறதா என்று பார். கயிறு, குண்டு, நீர் மூன்றையும் கையால் தொட முடியும். தெவெனோவின் குழாய் வந்தபோது துல்லியம் கூடியது. விடை கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது.

அந்தத் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. குழாய் நேரானது போலத் தெரிந்தாலும், உள்ளே மேல்பக்கம் லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு என்றால், ஒரு மீட்டருக்கு 1 மி.மீ. சரிவு வந்தாலே குமிழி 3 மி.மீ. நகர்ந்துவிடும். சின்னச் சரிவைப் பெரிய அசைவாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை. பார்வையில்லாமல் மட்டம் பார்க்கும் எந்தக் கருவிக்கும் இதே கடமை உண்டு: உடம்பால் உணர முடியாத சரிவை, காதோ விரலோ தவறவிடாத அளவுக்குப் பெரிதாக்கித் தர வேண்டும்.

ஒலிக்கும் மட்டமும் அதன் இடைவெளியும்

இன்று கடையில் வாங்கி உடனே பயன்படுத்தக்கூடியது டிஜிட்டல் மட்டம். அதற்குள் ஒரு சிலிக்கான் சில்லு இருக்கிறது. சில்லுக்குள் மிக நுண்ணிய எடை ஒன்று வில் போன்ற கம்பிகளில் தொங்குகிறது. கருவி சாயும்போது அந்த எடை நகர்ந்து மின்தேக்கத்தை மாற்றுகிறது. அந்த மாற்றத்திலிருந்து கோணம் கணக்கிடப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு தூக்குக்குண்டுதான் அது. பல டிஜிட்டல் மட்டங்கள் 0 டிகிரியையும் 90 டிகிரியையும் அடையும்போது ஒலி எழுப்பும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, எப்படி ஒலிக்கிறது என்பது. சில கருவிகள் மட்டத்தை அடையும் நொடியில் ஒருமுறை ஒலித்துவிட்டு அடங்கிவிடும். கொஞ்சம் தாண்டிப் போனாலும் அமைதிதான், இன்னும் அடையாவிட்டாலும் அமைதிதான். அதை வைத்துக்கொண்டு வேலை செய்வது கடினம். மட்டத்தில் இருக்கும் வரை தொடர்ந்து ஒலிப்பதுதான் உதவும். நெருங்க நெருங்க ஒலியின் வேகம் கூடும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் துல்லியம். 0.1 டிகிரி படிகளில் காட்டும் கருவி '0.0' என்னும்போது ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு புள்ளியில் ஒலிப்பதில்லை. இந்தப் பக்கம் 0.05, அந்தப் பக்கம் 0.05 என்று ஓர் இடைவெளி முழுவதும் ஒலிக்கிறது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 60 செ.மீ. நீளத்தில் அந்த 0.1 டிகிரி சுமார் 1 மி.மீ. உயர வித்தியாசம். நல்ல குமிழி மட்டங்கள் மீட்டருக்கு 0.5 மி.மீ. துல்லியம் தருபவை, அதாவது சுமார் 0.03 டிகிரி. ஆக, ஒலி கேட்டதும் நிறுத்திவிட்டால், இடைவெளியின் ஓரத்தில்தான் நிற்கிறோம். பார்ப்பவர் குமிழியில் பிடிப்பதைவிடக் கொஞ்சம் மோசமான மட்டமே கிடைக்கும்.

இதற்கு எளிய, அழகான தீர்வு உண்டு: ஒலி தொடங்கும் இடத்தையும் அடங்கும் இடத்தையும் பிடித்து, நடுவில் நிறுத்துவது. அலமாரிக்குக் கீழே திருகும் கால்கள் இருந்தால், அந்தத் திருகே அளவுகோல். 6 மி.மீ. தடிமனுள்ள வழக்கமான திருகு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும்; 8 மி.மீ. திருகு 1.25 மி.மீ. நகரும். ஒலி தொடங்கியதிலிருந்து அடங்கும் வரை கால் சுற்றுகளாக எண்ணுங்கள். நான்கு கால் சுற்று வந்தால் இரண்டு கால் சுற்று பின்னால் வாருங்கள். திருகுகளுக்குள் கொஞ்சம் தளர்வு இருக்கும். அதனால் கடைசி அசைவு எப்போதும் ஒரே திசையில், தூக்கும் திசையில், முடிய வேண்டும். இப்படிச் செய்தால் 0.1 டிகிரி கருவியிலிருந்தே அதன் எண் காட்டுவதைவிட நுட்பமான மட்டம் கிடைக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டு '0.0 வந்துவிட்டது' என்று நிறுத்துபவருக்கு இது கிடைப்பதில்லை.

திருகு இல்லாத இடத்தில் காகிதம். சாதாரண அச்சுத்தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிமன். 60 செ.மீ. மட்டத்தின் ஒரு முனைக்கடியில் 10 தாள் வைத்தால் ஏறக்குறைய 0.1 டிகிரி சரியும். ஒரு கட்டுத் துண்டுத் தாள்களை வைத்துக்கொண்டு எத்தனை தாளில் ஒலி தொடங்கியது, எத்தனையில் அடங்கியது என்று எண்ணினால், பொருள் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதே எண்ணாகக் கிடைத்துவிடும். பிறகு ஆப்பை எவ்வளவு தட்ட வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதில்லை.

எந்த மட்டக் கருவியையும் நம்புவதற்கு முன் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் வைத்து, ஒலி தொடங்கும் இடத்துக்கும் அடங்கும் இடத்துக்கும் நடு எத்தனை தாளில் வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு கருவியை முனை மாற்றி, அதே இடத்தில் அப்படியே வையுங்கள். முதலில் இடப்பக்கம் 6 தாள் தேவைப்பட்டு, திருப்பியபின் அதே பக்கம் 2 தாள் போதும் என்றால், உண்மையான மட்டம் 4 தாளில் இருக்கிறது. மீதி 2 தாள் கருவியின் பிழை. இதற்குக் கருவி இரண்டு முறையும் அதே இடத்தில் உட்கார வேண்டும். இரண்டு திருகாணிகளை அடித்து அவற்றோடு அணைத்து வைத்தால் போதும். வெயிலிலிருந்து நிழலுக்கு, குளிரிலிருந்து வெப்பத்துக்கு மாறும்போது சில்லின் அளவீடு கொஞ்சம் நகரக்கூடும் என்பதால், இடம் மாறியதும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

செல்பேசியிலும் இதே வகைச் சில்லு இருக்கிறது. திரைவாசிப்பான் கோணத்தை வாய்விட்டுச் சொல்லும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் பேச்சு எப்போதும் கையைவிடப் பின்தங்கியே வரும். 'ஒன்று டிகிரி' என்று சொல்லி முடிக்கும்போது பொருள் வேறு இடத்தில் இருக்கும். எவ்வளவு சரிவு என்று தெரிந்துகொள்ளப் பேச்சு சரி, மட்டத்துக்குக் கொண்டுவர மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான் சரி என்பது என் முடிவு. செல்பேசியின் முதுகில் கேமரா புடைத்திருப்பதால் அதைப் படுக்க வைத்து அளக்கக் கூடாது. அதன் நீளமான விளிம்பை, நேரான உலோகப் பட்டை ஒன்றின் மேல் நிறுத்தி அளக்க வேண்டும். அந்த விளிம்பிலும் பொத்தான்கள் இல்லாத பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் மின்னணுவியல் தெரிந்தவர்கள், சரிவுக்கு ஏற்ப ஒலியின் சுருதி மாறும் மட்டத்தைத் தாங்களே செய்துகொள்ளலாம். ஆர்டுயினோ போன்ற சின்னப் பலகை, ஒரு சாய்வுச் சில்லு, ஓர் ஒலிப்பான் போதும். பார்வையற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய கருவிகளைத் தாங்களே செய்யும் மரபு புதியதும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்மித்-கெட்டில்வெல் கண் ஆய்வு நிறுவனம் 1980-களில் வெளியிட்டுவந்த தொழில்நுட்ப இதழ், காதால் படிக்கும் அளவுகருவிகளுக்கான மின்சுற்றுகளை விவரித்து எழுதியது. அதை நடத்திய பில் கெரி பார்வையற்ற பொறியாளர். பிற்காலத்தில் அதே நிறுவனத்தில் பார்வையற்ற அறிவியலாளர் ஜோஷுவா மீலே பார்வையற்றோருக்கான ஆர்டுயினோ திட்டத்தைத் தொடங்கினார். 2021-இல் அவருக்கு, சிறந்த படைப்பாற்றலுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்கார்தர் நல்கை கிடைத்தது.

வெயிலுக்காகச் செய்த கருவி

லேசர் மட்டம் என்றதும் சுவரில் ஓடும் சிவப்புக் கோடுதான் நினைவுக்கு வரும். பார்வையற்றவருக்கு அதில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் என் பார்வையில் இன்று இருப்பதிலேயே சிறந்த வழி இதுதான். காரணம், வெயில். வெளியில் நல்ல வெயிலில் லேசர் கோடு யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் உற்பத்தியாளர்கள் லேசரை உணரும் ஏற்பி ஒன்றைத் தனியாகச் செய்தார்கள். அதை மேலும் கீழுமாக நகர்த்தினால், கோட்டுக்கு மேலே இருக்கும்போது ஒருவகை ஒலி, கீழே இருக்கும்போது வேறுவகை ஒலி, சரியாகக் கோட்டில் நிற்கும்போது விடாத நீண்ட ஒலி. எந்த ஒலி எந்தப் பக்கம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒருமுறை பழகினால் போதும். பார்வையுள்ளவர்களின் பார்வை பயன்படாத இடத்துக்காகச் செய்த கருவி, பார்வையே தேவையில்லாத கருவியாக அமைந்துவிட்டது.

இந்த ஒலி முறை விமானங்களில் முன்பே இருந்தது. 1930-களில் ஜெர்மனியின் லோரென்ஸ் தரையிறங்கு முறையில், ஓடுபாதையின் ஒருபக்கம் விலகினால் விமானியின் காதில் புள்ளிகள் கேட்கும், மறுபக்கம் விலகினால் கோடுகள் கேட்கும், நேர்வழியில் இரண்டும் கலந்து ஒரே நீண்ட ஒலியாகிவிடும். மூடுபனியில் காதை நம்பி விமானத்தை இறக்கியவர்கள் உண்டு என்றால், காதை நம்பி ஓர் அலமாரியை மாட்டுவதில் தயங்க ஒன்றுமில்லை.

நடைமுறைக்கு வருவோம். லேசர் பெட்டிக்குள் ஓர் ஊசல் தொங்குகிறது. பெட்டி ஏறக்குறைய 4 டிகிரி வரை சாய்ந்திருந்தாலும் ஊசல் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு கோட்டை மட்டமாக வீசும். வழக்கமான துல்லியம் மீட்டருக்கு 0.3 மி.மீ. அளவில் இருக்கும், டிஜிட்டல் மட்டத்தின் ஒலியைவிட எவ்வளவோ மேல். ஏற்பியின் பக்கவாட்டில் கோட்டின் உயரத்துக்கு நேராக ஒரு சிறு வெட்டு இருக்கும். பென்சிலால் குறிப்பதற்காக வைத்தது. விரலுக்கு நன்றாகப் படும் அந்த வெட்டில் கத்தி முனையை வைத்துக் கீறிவிடலாம். சுவரில் ஏற்பியை நகர்த்தி, மேல் ஓரத்தில் நீண்ட ஒலி தொடங்கும் இடம், கீழ் ஓரத்தில் முடியும் இடம் என்று இங்கேயும் நடுவைப் பிடிக்கலாம்.

லேசர் வாங்குபவர்கள் மறக்கக் கூடாதது: ஏற்பியோடு வேலை செய்ய லேசர் துடிப்பு முறையில், அதாவது மிக வேகமாக விட்டு விட்டு, ஒளிவீச வேண்டும். அந்த வசதி இல்லாத மலிவான லேசரோடு ஏற்பி பேசாது. வரம்பைத் தாண்டிப் பெட்டி சாய்ந்துவிட்டால் கோடு கண்சிமிட்டும் அல்லது அணைந்துவிடும். ஒலியால் எச்சரிக்காத கருவிகளும் உண்டு. அதனால் பெட்டியை வைக்கும் இடத்தை முதலில் டிஜிட்டல் மட்டத்தால் தோராயமாகச் சரிபார்த்துவிடுவது நல்லது.

கண் பாதுகாப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இவ்வகை லேசர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவை. கூசும் ஒளி பட்டதும் கால் நொடிக்குள் மனிதர் கண்ணை மூடிக்கொள்வார் என்ற கணக்கில்தான் அவை பாதுகாப்பானவை எனப்படுகின்றன. ஒளியை உணராத கண்ணுக்கு அந்த அனிச்சைச் செயல் இல்லை. கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவர்கள், கண்ணின் ஒரு பகுதி மட்டும் பழுதானவர்கள், லேசரைக் கண் உயரத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. அறையில் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்காகவும்.

நீரும் குண்டும்

மின்னணுக் கருவி எதுவும் கையில் இல்லையென்றால் நீர் இருக்கிறது. கொத்தனார்கள் டியூப் லெவல் பிடிப்பது கண்ணாடி போன்ற குழாயில் நீர்மட்டத்தைப் பார்த்து. அதைக் காதால் செய்வதற்கு இன்னொரு பொருள் ஏற்கெனவே பல பார்வையற்றவர்களின் சமையலறையில் இருக்கிறது: கோப்பையின் விளிம்பில் மாட்டும் திரவமட்டம் உணர்த்தி. தேநீர் ஊற்றும்போது நீர் அதன் கம்பிகளைத் தொட்டதும் ஒலிக்கும் அல்லது அதிரும்.

ஒரு வாளியில் நீர் நிரப்பி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நீளமான குழாயின் ஒரு முனை வாளிக்குள் மூழ்கட்டும். மறுமுனையை வாயகன்ற பிளாஸ்டிக் குப்பி ஒன்றின் அடியில் பொருத்துங்கள். குப்பியை ஒரு நேரான கோலில் கட்டி, உணர்த்தியைக் குப்பியின் விளிம்பில் மாட்டுங்கள். குழாய் நிறைய நீர் ஓடியதும், கோலை மெல்லக் கீழே இறக்கினால் குப்பிக்குள் நீர் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் உணர்த்தி ஒலிக்கும். அங்கே கோலின் கீழ்முனை எங்கே நிற்கிறதோ அதைச் சுவரில் கீறிவையுங்கள். அடுத்த இடத்துக்குப் போய் அதையே செய்யுங்கள். இரண்டு கீறலும் ஒரே மட்டம்.

குப்பி பெரிதாக இருந்தால் அதற்குள் போகும் நீரால் வாளியின் மட்டம் இறங்கிவிடாதா? இறங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் குப்பியில் நீர் அதே உயரத்தை எட்டும்போதுதான் ஒலி வருகிறது. ஆக, ஒலிக்கும் நேரத்தில் குப்பியிலும் குழாயிலும் இருக்கும் நீர் எப்போதும் ஒரே அளவு; வாளியில் மீதியிருப்பதும் ஒரே அளவு. சிந்தாத வரை பிழை இல்லை. எப்போதும் கீழே இறக்கும்போது வரும் ஒலியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே தூக்கும்போது நீர் கம்பியில் ஒட்டிக்கொண்டு தாமதமாகத்தான் விடும். நீர் குழாய்க்குள் ஓட நேரம் எடுக்கும் என்பதால் இறக்குவதும் நிதானமாக இருக்க வேண்டும்.

குழாய்க்குள் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் பார்ப்பவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் எல்லா இடத்தையும் குறித்து முடித்ததும் முதல் இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி ஒலிக்க வையுங்கள். முதல் கீறலோடு ஒத்துப்போனால் எல்லாவற்றையும் நம்பலாம். குழாயின் ஒரு பகுதி வெயிலில் தொங்கி மற்றப் பகுதி நிழலில் தொங்குவதும் கூடாது. 10 டிகிரி செல்சியஸ் வெப்ப வித்தியாசம் இருந்தால் ஒரு மீட்டர் உயர நீர்த்தூணில் ஏறக்குறைய 3 மி.மீ. மாறிவிடும்.

தூக்குப் பார்ப்பதில், அதாவது சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பதில், சிக்கல் வேறு. குண்டு தொங்கும் கயிறு உண்மையைச் சொல்கிறது, ஆனால் தொட்டால் நகர்ந்துவிடுகிறது. குண்டை ஒரு வாளி நீருக்குள் தொங்கவிட்டால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். பிறகு ஒரே தடிமனுள்ள இரண்டு மரக்கட்டைகள் வேண்டும். மேலே ஒரு கட்டையைச் சுவரோடு அணைத்து அதன் மேல் கயிறு விழும்படி தொங்கவிட்டு, கீழே மற்றக் கட்டையைச் சுவரோடு ஒட்டித் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அது கயிற்றைத் தள்ளுகிறதா, தொடாமல் நிற்கிறதா, பட்டும் படாமலும் இருக்கிறதா? நகத்தின் முதுகால் கயிற்றை வருடிக்கொண்டே இதைக் கண்டுபிடிக்கலாம்; கொஞ்சம் பயிற்சி வேண்டும். கயிற்றுக்குப் பதில் மெல்லிய செப்புக் கம்பியைத் தொங்கவிட்டு, கீழ்க் கட்டையின் முகத்தில் உலோகத்தாள் ஒட்டி, இரண்டையும் ஒரு மின்கலத்தோடும் ஒலிப்பானோடும் இணைத்தால் பயிற்சியும் தேவையில்லை. தொட்ட நொடியில் ஒலி வரும்.

கோலிக்குண்டை உருட்டிப் பார்க்கும் பழைய முறையையும் பலர் சொல்வார்கள். எந்தப் பக்கம் சரிவு என்று அது சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. மரத்தில் ஒரு சின்னக் குழி இருந்தாலே ஏமாற்றிவிடும். நேரான அலுமினியக் கோணச் சட்டத்துக்குள் இரும்புக் குண்டை உருட்டினால் கொஞ்சம் நம்பலாம்.

ஒருமுறை மட்டம், பிறகு விரல்

இவ்வளவும் சொன்ன பிறகு, அனுபவமுள்ள பார்வையற்ற தச்சர்கள் மட்டக் கருவியை எடுப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். மட்டத்தை ஓரிடத்தில் ஒழுங்காகக் கண்டுபிடித்துவிட்டால், மற்றதெல்லாம் அதிலிருந்து தொட்டுத் தொட்டுக் கொண்டுபோகும் வேலை. அதில் விரலுக்கு இணை எதுவும் இல்லை. 2013-இல் சுவீடனின் கே.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், விரலை நகர்த்தித் தடவும்போது வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள வரிகளைக்கூட மனிதர் வேறுபடுத்தி உணர்ந்தது தெரியவந்தது. இரண்டு பலகைகள் ஒரே தளத்தில் சேர்கின்றனவா என்பதற்கு மயிரிழைப் படிகூட நகத்தில் தட்டும். தனியாக ஒரு பொருள் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று சொல்ல விரல் லாயக்கில்லை. இரண்டு பொருள்கள் சமமா என்று ஒப்பிடச் சொன்னால் அது கண்ணை வென்றுவிடும். ஆகவே, 'மட்டமா?' என்ற கேள்வியை முடிந்தவரை 'சமமா?' என்ற கேள்வியாக மாற்றிக்கொள்வதுதான் சூட்சுமம்.

சுவரில் வரிசையாகப் பெட்டிகள் மாட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டிக்கும் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிழை சேரும். அதற்குப் பதிலாக நீளமான ஒரே சட்டத்தை லேசரும் ஏற்பியும் கொண்டு, நேரம் எடுத்துக்கொண்டு, இரு முனையும் நடுவும் சரிபார்த்துச் சுவரில் திருகிவிட வேண்டும். பிறகு எல்லாப் பெட்டிகளும் அந்தச் சட்டத்தின் மேல் உட்காரும். பக்கத்துப் பெட்டியோடு முன்முகம் சமமாக இருக்கிறதா என்பதை நகம் சொல்லும். மேல் தட்டுகளுக்கு ஒரே அளவில் வெட்டிய இரண்டு குச்சிகளைச் சட்டத்தின் மேல் நிறுத்தி அவற்றின் தலையில் தட்டை வைத்தால், சட்டத்தின் மட்டம் தட்டுக்கு வந்துவிடும். இரண்டு குச்சிகளையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாக அறுத்தால் நீளம் வேறுபட வாய்ப்பே இல்லை.

அளவுகளுக்கும் இதே பாணி. அளவு நாடாவின் எண்களுக்குப் பதில், ஒரு குச்சியில் வேண்டிய உயரங்களுக்குக் கத்தியால் வெட்டுக் கொடுத்து வைத்துக்கொள்வது பழைய தச்சு முறை; பார்வையற்றவர்களுக்கு அது இன்னும் பொருத்தம். எண்ணாகவே அளவு வேண்டுமென்றால் கிளிக் ரூல் என்ற கருவி உண்டு. குழாய்க்குள் ஒரு தண்டு நகரும். ஒவ்வொரு 1/16 அங்குலத்துக்கும் 'கிளிக்' என்று ஒலித்துக் கையிலும் படும். சட்டகம் சதுரமா என்று பார்க்க இரண்டு மெல்லிய குச்சிகளைப் பக்கத்தில் பக்கம் பிடித்து, மூலைக்கு மூலை எட்டும்படி நீட்டி இறுக்கிக்கொண்டு, அதே நீளத்தை மற்ற மூலைவிட்டத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அளவே தேவையில்லை.

பலகை முறுக்கியிருக்கிறதா என்று பார்வையுள்ள தச்சர்கள் இரண்டு குச்சிகளை முனைகளில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணை ஓட்டிப் பார்ப்பார்கள். காதுள்ளவர்களுக்கு வேறு வழி: தட்டையென்று தெரிந்த தளத்தில் பலகையைப் போட்டு நான்கு மூலைகளையும் விரலால் தட்டுவது. நன்றாக உட்கார்ந்த மூலை மொத்தமாக, அடங்கி ஒலிக்கும். தூக்கி நிற்கும் மூலை 'டக்' என்று இடித்துக் காட்டிக்கொடுக்கும். அதன் அடியில் தாள்களை ஒவ்வொன்றாக நுழைத்து ஒலி நிற்கும் வரை எண்ணினால் முறுக்கின் அளவும் கிடைத்துவிடும்.

குறிக்கும் கோடு எதுவானாலும் கத்தியால் கீறியதாக இருக்கட்டும். பென்சில் கோடு விரலுக்குத் தெரியாது. கீறலில் உளியின் முனை தானாகவே போய் விழும். சுவர் போலக் கீறக் கூடாத இடத்தில் ஒட்டுநாடாவின் விளிம்பைக் கோடாக வைத்துக்கொள்ளலாம்.

சத்தமான கட்டுமான இடத்தில் காதை நம்பும் முறைகள் தடுமாறும். இயந்திர இரைச்சலுக்குக் காதுறை போட்டால் ஏற்பியின் ஒலியும் போய்விடும். செல்பேசியோடு இணைத்த எலும்புவழி ஒலிப்பான் காதுக்கு முன்னால் உட்கார்வதால், காதுறையோடும் சேர்த்துப் போட்டுக்கொள்ளப் பலருக்கு முடிகிறது. ஏற்பிகளும் மட்டங்களும் அதிர்வாலும் பதில் சொன்னால் இந்தச் சிக்கலே இருக்காது. கோப்பையில் மாட்டும் உணர்த்திக்கு முடிந்தது இவற்றுக்கு முடியாமல் இருக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பொத்தான்களிலும் ஆபத்து இருக்கிறது. பல டிஜிட்டல் மட்டங்களில், இப்போதுள்ள கோணத்தையே பூச்சியமாக எடுத்துக்கொள் என்று சொல்லும் பொத்தான் ஒன்று உண்டு. இரண்டு பரப்புகளுக்கு இடையிலான கோணத்தை அளக்க அது உதவும். ஆனால் கைதவறி அது அழுந்திவிட்டால், திரையில் ஒரு சின்னக் குறி மட்டும் மாறும், கருவி வாய்திறந்து எதுவும் சொல்லாது. அதன்பின் அந்தச் சரிவில் வைத்தால்தான் அது 'மட்டம்' என்று ஒலிக்கும். நாள் முழுவதும் அதை நம்பி வேலை செய்துவிடலாம். முனை மாற்றித் திருப்பிப் பார்ப்பவர் இதில் மாட்டமாட்டார். ஒலி வரும் இடம் மறுபக்கம் தாவிவிடுவதால் உடனே பிடித்துவிடுவார். அந்தப் பொத்தானைச் சுற்றித் தடிமனான ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டிவிட்டால், வேண்டுமென்று விரலை உள்ளே விட்டால் தவிர அது அழுந்தாது.